கூலியும் கொள்கையும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்தது. அரநாயக்கவின் மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில், வேலை முடிந்து மக்கள் லயங்களுக்குத் திரும்பிய மாலை வேளையில், பிள்ளைக் காம்பராவின் முன்னுள்ள திடலில் ஒரு கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், நம்மவர் எந்த வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை விளக்கினார். அவர் எந்தச் சங்கத்தவர், எவருக்காகப் பேசினார் என்பன இங்கு வேண்டா. அந்த வாரத்தில் அவரைப் போன்ற பலர், வெவ்வேறு வேட்பாளர்களுக்காக, ஏறத்தாழ இதே பேச்சையே தோட்டந்தோறும் பேசினர்.

பேச்சு முடிந்ததும் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இளைஞன் ஒருவன் கையை உயர்த்தினான். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் அமர்ந்திருந்தவன். இப்பொழுது மாவனல்லையில் ஒரு கடையில் வேலை செய்பவன்.

"ஐயா, சர்வதேச நாணய நிதியத்தோட இருக்கிற ஒப்பந்தத்த, நீங்க சொல்றவரு அப்படியே வச்சிருப்பாரா, மாத்துவாராங்க?"

பேச்சாளர் சினங்கொள்ளவில்லை. தட்டிக்கொடுப்பவர்போலப் புன்னகைத்தார்.

"தம்பி, நல்ல கேள்விதான். ஆனா அந்த ஒப்பந்தம், டொலரு, சீனா, இந்தியா எல்லாத்தையும் கொழும்புல படிச்சவங்க பாத்துக்குவாங்க. நம்ம சனத்துக்கு வேண்டியது நாட்சம்பளம். அத யாரு கூட்டித் தருவாங்கன்னு மட்டும் பாருங்க."

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு இருளுக்குள் ஒதுங்கினான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஐயம் எழுந்தால் எழுந்து நின்று கேள் என்று வகுப்பறையில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவர் நாம். அந்தப் பாடத்தை மெய்யென நம்பி ஒருவன் நாலுபேர் முன்னிலையில் எழுந்து நின்றபோது சிரித்தவரும் நாமே. கெட்ட எண்ணத்தினாற் சிரித்தோமல்லோம். பேச்சாளரின் சொல்லில் ஏதோ ஓர் உண்மை இருப்பதுபோல அக்கணத்தில் தோன்றிற்று. அந்தத் தோற்றத்தைத்தான் இங்கு ஆராய விரும்புகிறோம். நாட்கூலியை நம்பி வாழும் ஒரு மனிதன் தன் வாக்கைக் கையிலெடுக்கும்போது எதைக் கேட்கக் கடமைப்பட்டவன்? தன் வயிற்றையா, தன் நாட்டையா?

இவ்வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் உலவுகின்றன. பேச்சாளர் சொன்னது ஒன்று: பசித்தவனுக்கு உலக அரசியல் எதற்கு, கூலியைக் கேட்கட்டும். மற்றையது நம்போன்ற படித்த கூட்டத்தாரின் விடை. ஆசிரியர் ஓய்வறைகளில் இதனை அடிக்கடி கேட்கலாம்: "நம்ம சனம் ஒரு கட்டுத் தகரத்துக்கும் ஒரு போத்தலுக்கும் வாக்கை விற்கிறது, நாட்டைப் பற்றிய சிந்தனை எங்கே இருக்கிறது?" முன்னது பரிவாகவும் பின்னது கண்டனமாகவும் ஒலிக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. கூலி ஒரு பக்கம், கொள்கை மறுபக்கம். கூலி தொழிலாளிக்கு உரியது, கொள்கை கற்றவர்க்கு உரியது என்ற பாகப்பிரிவினையை இரண்டுமே ஏற்றுக்கொள்கின்றன. இந்தப் பிரிவினை உண்மைதானா என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றி நிற்கும் இறப்பர் மரங்களே போதும்.

கேகாலை மாவட்டம் இறப்பருக்குப் பெயர் போனது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் இலங்கை அரசாங்கம் சீனாவுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பரை இலங்கை கொடுக்கும். 2,70,000 தொன் அரிசியைச் சீனா கொடுக்கும். ஐந்தாண்டுகளுக்கு இது நிலைக்கும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்த் தளவாடத்துக்கு வேண்டிய இறப்பரைச் சீனாவுக்கு விற்கலாகாதென அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. இலங்கையோ சோற்றுக்கு வழி தேடிக்கொண்டிருந்தது. இறப்பர் விலையும் வீழ்ந்திருந்தது. வல்லரசின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாது, உலகச் சந்தையைவிட உயர்ந்த விலைக்கு இறப்பரை விற்று அரிசி பெற்ற அந்தத் துணிவை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. நாமும் போற்றுகிறோம். முற்போக்காளர் எவரும் போற்றவே செய்வர்.

ஆனால் அந்த 50,000 தொன்னுக்கு வேண்டிய பாலை விடியற்கருக்கலில் மரம் மரமாகச் சென்று வெட்டியவர்களுள் நம் பாட்டனும் பாட்டியும் இருந்தனர். அதே 1952 மே மாதத்தில் பொதுத் தேர்தல் நடந்தபோது அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைப் பிரசைகள் அல்லரென ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் பிரசையல்லாதார் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிவிட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்ல உதவியவர்கள், ஐந்தே ஆண்டுகளில் வாக்குச் சாவடியின் வாசலுக்கு வெளியே நின்றனர். அவர்தம் விரல் வெட்டிய பால் சீனம் வரை சென்று அரிசியாகத் திரும்பியது. உலக அரசியலோடு அவ்வளவு நெருங்கிய தொடர்பு கொழும்பில் எந்தப் படித்தவருக்கு இருந்தது? கூட்டத்தில் பேசிய அந்த நண்பர் 1952இல் பிறந்திருந்தால், இதே திடலில் நின்று, "அரிசி எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டிருப்பார்.

அடுத்தது 1964. அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். நாடற்றவர் என மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த எச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். இரு நாடுகளின் நல்லுறவுக்கு இது துணை செய்ததென்பர். செய்திருக்கலாம். பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோருள் நம் அயல் லயத்தவர் இருந்தனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் கொழுந்து பறிக்கப் போயினர். வெளிநாட்டுக் கொள்கை என்பது ஏதோ தூதரகங்களில் தேநீர் அருந்தும் காரியமென நினைப்போர், அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த ஒரு குடும்பத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழட்டும்.

பழங்கதை போதும் என்று மாணவ நண்பர்கள் சொல்லக்கூடும். அண்மைக் காலத்துக்கே வருவோம்.

2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் தோட்டங்களில் நடந்த விவாதம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாட்சம்பளம் ஆயிரமா, ஆயிரத்தைந்நூறா என்பதே அது. கோத்தாபய ராஜபக்சவின் தேர்தல் அறிக்கையில் இரண்டு செய்திகள் அச்சிடப்பட்டிருந்தன: பெறுமதி சேர் வரியைக் குறைப்போம், பத்தாண்டுகளில் விவசாயத்தை இயற்கை உரத்துக்கு மாற்றுவோம். இவற்றைப் பற்றி நம் தோட்டத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஆசிரியராகிய நாமும் பேசவில்லை. அந்த ஆண்டு முடியுமுன்னரே வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று, திறைசேரி வற்றலாயிற்று. பத்தாண்டுகளிற் செய்வதாகச் சொன்ன காரியம் 2021ஆம் ஆண்டு ஒரே அறிவித்தலிற் செய்யப்பட்டது. இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் தடையை நீக்கினர். செடிக்கு அது தெரியவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சுருங்கிற்று. கொழுந்து குறைந்தால் என்ன நேரும் என்பதை எந்தப் பொருளியலாளரும் நம் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நிறை சேரவில்லையென்றால் முழுப்பேர் அரைப்பேராகும்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. இங்கே ஒரு சிறு கணக்கு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஒருவாறு 1,000 ரூபாவாக உயர்ந்தபோது டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபா. ஒரு நாள் உழைப்பு ஐந்து டொலருக்குச் சமம். 2022 நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைந்தது. செக்றோலில் எவரும் ஒரு சதத்தையும் வெட்டவில்லை. எந்தத் துரையும் எந்தக் கணக்கப்பிள்ளையும் அந்தக் கூலியைத் திருடவில்லை. பத்து ஆண்டுகாலக் கூலிப் போராட்டம் வென்றெடுத்ததை, எவருடைய கையும் படாமல், கொள்கை கொண்டுபோயிற்று. தொழிலாளி டொலரையா தின்கிறான் என்று கேட்கலாம். லயத்து அடுப்பில் வேகும் ரொட்டிக்கு மா எங்கிருந்து வருகிறது? பருப்பு எங்கிருந்து வருகிறது? மண்ணெண்ணெய் எங்கிருந்து வருகிறது?

பின்னர் வந்த கூலி உயர்வின் கதையும் அறியத்தக்கது. 2024ஆம் ஆண்டு மே தினத்தையொட்டி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில், தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில், 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமென வர்த்தமானி வெளிவந்தது. அன்றைய டொலர் விலைக்கு அது நாலரை டொலர். வெற்றியெனப் பட்டாசு கொளுத்தப்பட்ட அந்த அடிப்படைத் தொகை, மூன்றாண்டுகளுக்கு முந்தைய ஆயிரம் ரூபாவின் டொலர்ப் பெறுமதியைக்கூட எட்டவில்லை. இதனைக் கூட்டத்தில் எவரும் சொல்லவில்லை. அந்த இளைஞனின் கேள்வி ஒன்றே இதனை நோக்கித் திரும்பியிருந்தது. நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் செய்யப்பட்ட ஏற்பாட்டை மாற்றலாகாதென ரணில் விக்கிரமசிங்க சொன்னார். சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் மீண்டும் பேசித் திருத்த வேண்டுமென்றனர். 18 சதவீதமாகிவிட்ட வரியில் எந்தப் பொருளுக்கு விலக்கு, எந்தச் செலவுக்கு வெட்டு என்பன எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. கூலியைப் பற்றிய கேள்விதான் அது; சற்று நீண்ட கயிற்றிற் கட்டி ஆழத்தில் இறக்கப்பட்ட கேள்வி.

இவ்வளவு தெளிந்தபின் நமக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று. அந்தப் பெருமிதத்தோடு, தேர்தலுக்கு முந்திய ஞாயிறன்று, மேற்கணக்கு லயத்தில் வாழும் ஒரு முதியவளைக் காணச் சென்றோம். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த ஆண்டிற் பிறந்தவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசையாகி, 1994இல் முதன்முதலாக வாக்களித்தவர். இறப்பர், அரிசி, டொலர் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"நீங்க சொல்றது சரிதான் மாஸ்டர். ஆனா ஒலகத்தப் பத்திப் பேசுனவங்க ஒருத்தரும் எங்க காம்பராவுக்கு வரல. சம்பளத்தப் பத்திப் பேசுறவன் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வந்தாலும் வாசலுக்கு வாறான். பிரஜாவுரிம, லைட்டு, தகரம், எல்லாம் அப்படிப் பேரம் பேசி வாங்குனதுதான். கேக்காம யாரு குடுத்தா?"

"அதுக்கில்ல பாட்டி..." என்று தொடங்கினோம். முடிக்கத் தெரியவில்லை.

அவர் சொன்னது வரலாற்றுக்குப் பொருந்துகிறது. பிரஜாவுரிமையை மீட்டது கொள்கை விவாதங்களன்று. ஆட்சியிலிருந்தோருக்கு நம்மவர் தயவு தேவைப்பட்ட வேளைகளில் நடந்த பேரமே பெரும்பங்கு செய்தது. கையில் வேறொன்றும் இல்லாதவன் தன்னிடமுள்ள ஒரே பொருளைக் கொடுத்து உடனடித் தேவையை வாங்கிக்கொள்வதை ஒழுக்கக் குறைவு என்று சொல்ல மாதச் சம்பளம் பெறும் நமக்கு என்ன அருகதை இருக்கிறது? தகரத்துக்கு வாக்கை விற்கிறார்கள் என்று ஓய்வறையிற் பேசும் ஆசிரியர் மழைக்காலத்தில் ஓட்டைத் தகரத்தின்கீழ் ஓரிரவு உறங்கியதுண்டா? 2016 மே மாதம் 17ஆம் நாள் சாமசர மலை சரிந்து அரநாயக்கவின் கிராமங்களைப் புதைத்த மாலையில், இதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியில் லயமொன்றும் மண்ணுள் மறைந்தது. கூரையும் நிலமும் சின்னஞ்சிறு கோரிக்கைகள் அல்ல.

நம் மாணவருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கற்பிக்கும்போது நமக்குள் ஒரு பெருமை பொங்குவதுண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் குடவோலை முறையால் வாரியங்களைத் தெரிந்தெடுத்த இனம்! ஆனால் அந்தக் குடத்தில் ஓலையாய் விழுவதற்கு வேண்டிய தகுதிகளையும் அக்கல்வெட்டே சொல்கிறது: வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும், சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். லயத்து மனிதனின் பெயர் அந்தக் குடத்தின் விளிம்பைக்கூடத் தொட்டிராது. தனக்கென ஒரு வீட்டு இலக்கமும் இன்றி, கடிதத்தைத் தோட்டத்துக் கந்தோர் வழியாகப் பெறும் ஒருவன், இன்று வாக்குச் சாவடியில் துரைக்குச் சமமாக நிற்கிறான். அவன் அந்த வாக்கைக்கொண்டு முதலில் ஒரு வீட்டைக் கேட்கிறான் என்றால் அதிற் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆகவே பேரத்தை நாம் இகழவில்லை. ஆனால் பாட்டியிடம் சொல்லி முடிக்கத் தெரியாமற்போனதை இப்பொழுது சொல்ல முயல்வோம். பேரம் யாருடையது? 2024இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுக்கென்றது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்துக்கென்றது. தேசிய மக்கள் சக்தி 2023இல் வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தைக் காட்டிற்று. முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் திலகராஜ் தாமே வேட்பாளராக நின்றார். இவற்றுள் எது சரியென்பது இங்கு பேச்சல்ல. எவ்விடத்திலும் "எமது மக்களின் வாக்கு" என்ற சொற்றொடர் ஒலித்தது. தமிழில் வாக்கு என்பது சொல்லுக்கும் பெயர், தெரிவுக்கும் பெயர். ஒருவனுடைய சொல்லை இன்னொருவன் கொடுக்க முடியுமா? பிறர் வாக்கை மூட்டையாகக் கட்டிக் கொடுப்பவனுக்கு, மூட்டைக்குள் இருப்பவன் கேள்வி கேட்பது இடைஞ்சல். அந்த மாலையில் நண்பர் புன்னகைத்ததன் பொருள் அதுவே. சம்பளத்தைப் பற்றி மட்டும் பார் என்பதில், அதற்குமேற் பார்த்தால் என் இடைத்தரகு என்னாவது என்ற அச்சமும் இருந்தது.

இன்னொன்று உண்டு. அது கேகாலை, இரத்தினபுரி மாவட்டத்தாராகிய நமக்கே சிறப்பாக உரியது. நுவரெலியாவில் நம்மவர் திரண்டு வாழ்கின்றனர். எண்ணிக்கையைக் காட்டிப் பேரம் பேசலாம். சப்பிரகமுவவில் நாம் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவர்கள். நம் மூட்டை சிறிது. எந்த வேட்பாளருக்கும் அது பெரிதாகத் தெரிவதில்லை. மேலும், இங்கே கிராமமும் தோட்டமும் ஒன்றையொன்று எதிர்க்கும்படி பலமுறை நிறுத்தப்பட்டுள்ளன. 1946இல் இம்மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை, நம்மவர் உருளவள்ளி என்றழைக்கும் அத்தோட்டத்தை, கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கவென அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நிலமற்ற சிங்கள விவசாயியின் நியாயமான பசி, நிலமற்ற தமிழ்த் தொழிலாளியின் குடியிருப்புக்கு எதிராக ஏவப்பட்டது. 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டதும் 1983உம் அவற்றின் பின்னர் நேர்ந்தவை. எழுத எழுத நீளும் கதை.

இத்தகைய மண்ணில் வாழ்பவனுக்குத் தன் அயலானோடு பேசுவதற்கு ஒரு பொதுவான பொருள் வேண்டும். கூலி அதற்கு உதவாது. கிராமத்தவனுக்கு நாட்சம்பளம் இல்லை. ஆனால் அந்த வாரங்களில் அரநாயக்க நகரத் தேநீர்க் கடையில் நாம் கண்டதைச் சொல்ல வேண்டும். அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களப் பெரியவர் ஒருவர், மாவனல்லை முஸ்லிம் வணிகர் ஒருவர், இளைப்பாறிய பேருந்துச் சாரதி ஒருவர், நம் பழைய மாணவன், எல்லோரும் சிங்களத்தில் விவாதித்தனர். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது சரியா? 2022இல் சீன ஆய்வுக் கப்பல் வந்தபோது இந்தியா சினந்ததே, எரிபொருளுக்கும் மருந்துக்கும் கடன் தந்த நாட்டை எவ்வளவு தூரம் பகைக்கலாம்? 2012இல் வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடி டொலர்க் கடனை ஈரானுக்குத் தேயிலையாகவே கொடுப்பதால் நம் தேயிலையின் விலை ஏறுமா? உரத்தடையால் தம் கொழுந்து பாதியாயிற்றெனப் பெரியவர் சொன்னபோது, "எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் மாமா" என்ற பொருள்பட, சிங்களத்தில் அவரை மாமா என்றே விளித்து, நம் மாணவன் விடை சொன்னான். கிராமத்துத் தேயிலைக்காரனும் தோட்டத்துக் கொழுந்துக்காரியும் ஒரே அறிவித்தலால் அடிபட்டவர்கள் என்பதை அந்த வாங்கில் அமர்ந்தவர்கள் கண்டுகொண்டனர். எந்தத் தேசிய ஒருமைப்பாட்டு விழாவிலும் நாம் காணாத காட்சி அது.

கூட்டத்தில் நாம் சிரித்து ஒதுக்கிய கேள்வியை அவன் அந்த வாங்கிலிருந்தே கொண்டுவந்திருந்தான். கூலியை மட்டும் கேட்பவன் தோட்டத்துக்குள் நிற்கிறான். அவனுக்காகப் பேச ஓர் இடையாள் வேண்டும். அந்தக் கூலி எங்கிருந்து வரும், எதனால் அழியும் என்று கேட்டுவிட்டவன் தெருவுக்கு வந்துவிடுகிறான். அங்கே அவனைப் போலவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதற் கேள்வியைக் கைவிடச் சொல்லவில்லை. அதனைப் பாதியில் நிறுத்துவதே பிழை என்கிறோம்.

பாதியில் நிறுத்தும் பழக்கம் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அந்தத் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டனர். வாக்குச் சீட்டு இரண்டடிக்கும் மேல் நீண்டிருந்தது. எவருக்கும் பாதிக்குமேல் வாக்குக் கிடைக்காதபடியால், 1982ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் உறங்கிக்கொண்டிருந்த இரண்டாம், மூன்றாம் விருப்புகள் முதன்முறையாக எண்ணப்பட்டன. முதலிருவரை விடுத்து மற்றையோருக்கு வாக்களித்தவர் 33 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்தம் சீட்டுகளில் முன்னணியிலிருந்த இருவருள் ஒருவருக்கு விருப்புக் காட்டியவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரமே. நீ விரும்பியவர் வெல்லாவிடின் எஞ்சியோருள் எவர் நன்று என்று சட்டம் கேட்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தக் கேள்விக்கு விடை எழுதவில்லை. எழுதலாமென்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தபால்மூலம் வாக்களித்த நம் ஆசிரிய நண்பர்களுட் பலரும் ஒற்றைப் புள்ளடியோடு நிறுத்திக்கொண்டதை அவர்களே சொல்லக் கேட்டோம்.

முடிவு எல்லோரும் அறிந்ததே. அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். கூட்டத்துக்கு வந்த பேச்சாளரை அதன்பின் நாம் காணவில்லை.

2025 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்த வாரம், அந்த இளைஞன் நம் வீட்டுக்கு வந்தான். கூட்டத்துக்குப்பின் அவன் நம்மோடு முகங்கொடுத்துப் பேசியிருக்கவில்லை. கையில் சிங்களப் பத்திரிகையொன்று இருந்தது.

"சேர், டயரும் கையுறையும் அமெரிக்காவுக்குத்தான் கூடப் போகுதாம். அங்க வெல ஏறி வாங்குறது கொறஞ்சா, இங்க ஒட்டுப்பாலுக்கு என்ன வெல நிக்கும்?"

நமக்குத் தெரியவில்லை. தெரியவில்லையென்றே சொன்னோம். உள்ளே போய் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து வந்தோம். ஒரு கிலோ பாலின் அன்றைய விலையை அவன் சொன்னான், எழுதிக்கொண்டோம். ஆகஸ்ட்டில் அந்த வரி 20 சதவீதமாயிற்று. அதனை அன்று இருவரும் அறியோம். 44 என்று தாளின் தலையில் எழுதி, அதன்கீழ்க் கோடிட்டு, கணக்கைத் தொடங்கினோம். பால் வாளியோடு அவ்வழியே போன அவன் தாய் வாசலில் நின்று, என்ன கணக்கென்று கேட்டாள். அவன் சற்று நகர்ந்து வாங்கில் அவளுக்கு இடம் விட்டான்.